ஸ்பிட்ஃபயர், மெஸ்ஸர்ஷ்மிட் 262, சேபர்: ஒலியை உண்மையில் முந்தியது எது?

அமெரிக்க விமானி சக் யேகர் பெல் எக்ஸ்-1 ராக்கெட் விமானத்தில் மாக் 1-ஐ, அதாவது ஒலியின் வேகத்தை, தாண்டியது 1947 அக்டோபர் 14 அன்று. அதற்கு முன்பே தாண்டிவிட்டோம் என்று சொன்னவர்கள் ஒருவர் இருவர் அல்ல. 1942 நவம்பரில் பி-47 தண்டர்போல்ட் விமானங்களில் பாய்ந்திறங்கிய ஹரால்ட் காம்ஸ்டாக், ரோஜர் டையர் இருவரும் மணிக்கு 725 மைல், அதாவது 1,167 கி.மீ. தொட்டார்கள் என்று விமானத்தைக் கட்டிய ரிபப்ளிக் நிறுவனம் விளம்பரப்படுத்தியது. 1945 ஏப்ரல் 9 அன்று இன்ஸ்ப்ருக் வானில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட்டில் ஒலியைக் கடந்ததாக ஹான்ஸ் கைடோ முட்கே பிற்காலத்தில் சொல்லிவந்தார். அமெரிக்காவின் சேபர் ஜெட்டின் முதல் மாதிரியில் சோதனை விமானி ஜார்ஜ் வெல்ச் யேகரை முந்திக்கொண்டார் என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். புரொப்பெல்லரை மட்டும் நம்பிய எந்த விமானமும் ஒலியை முந்தவில்லை. மூக்கைக் கீழே குத்திப் பாய்ந்தும் முடியவில்லை. போர்க்கால ஜெட்கள் முந்தின என்பதற்கு நிற்கக்கூடிய ஆதாரம் கிடையாது. 1948 முதல் சில ஜெட்கள் முந்தின, ஆனால் 1953 வரை பாய்ச்சலில் மட்டும். இந்தப் பேச்சு வந்தாலே என்ஜினைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள்: இன்னும் ஆயிரம் குதிரைத்திறன் இருந்திருந்தால் என்று. என்ஜினுக்குப் பங்கு உண்டு. ஆனால் தீர்ப்பு சொன்னது இறக்கையின் தடிமனும் வாலின் அமைப்பும்தான்.

கணக்குக்குள் போகுமுன் ஒன்று. ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. தரைமட்டத்தில் 15 டிகிரியில் மணிக்கு 1,225 கி.மீ.; 11 கி.மீ. உயரத்தில் உறைநிலைக்குக் கீழே 56 டிகிரியில் 1,062 கி.மீ. எந்த உயரத்தில் என்று சொல்லாமல் வேகத்தை மட்டும் சொன்னால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. அதனால்தான் விமானத்தின் வேகத்தை அந்த இடத்து ஒலி வேகத்தால் வகுத்து மாக் எண்ணாகச் சொல்கிறார்கள்.

புரொப்பெல்லர் எங்கே தோற்றது

இரண்டாம் உலகப் போரின் நடுப்பகுதியில் வந்த ஒரு ஸ்பிட்ஃபயரை, பிரிட்டனின் புரொப்பெல்லர் போர் விமானத்தை, எடுத்துக்கொள்வோம். புரொப்பெல்லரின் விட்டம் சுமார் 3.3 மீட்டர். மெர்லின் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது, இடையிலுள்ள பல்சக்கரங்கள் அதைக் குறைத்துப் புரொப்பெல்லரை ஏறக்குறைய 1,430 சுற்று சுழற்றும். அப்படியானால் இதழின் நுனி வினாடிக்கு 245 மீட்டர் வேகத்தில் வட்டமடிக்கிறது. விமானம் முன்னே போகும் வேகத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். இரண்டும் செங்குத்தான திசைகள் என்பதால் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கலாம். விமானம் மணிக்கு 650 கி.மீ. வேகத்தில் போனாலே நுனி காற்றை வெட்டும் வேகம் வினாடிக்கு 304 மீட்டர் ஆகிவிடும். 9 கி.மீ. உயரத்தில் ஒலியின் வேகமே அவ்வளவுதான். விமானம் மாக் 0.6-ல் இருக்கையிலேயே இதழ்நுனி மாக் 1-ஐத் தொட்டுவிட்டது. விமானமே மாக் 1-ஐ நெருங்கினால் நுனி மாக் 1.27-ல் இருக்கும். அந்த வேகத்தில் தடித்த இதழின் மேல் அதிர்ச்சி அலைகள் (காற்றின் அழுத்தம் சட்டென எகிறும் மெல்லிய எல்லைகள்) உருவாகி, என்ஜின் தரும் சக்தி உந்துவிசையாக மாறாமல் இரைச்சலாகவும் சூடாகவும் போகிறது.

திறன் குறையாமல் இருந்தாலும் போதாது. உந்துவிசை என்பது சக்தியை வேகத்தால் வகுத்தது. என்ஜினுக்கு 1,500 குதிரைத்திறன் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மணிக்கு 540 கி.மீ. வேகத்தில், 80 சதவீதத் திறனில், அது சுமார் 600 கிலோ உந்துவிசை தரும். வேகம் 1,080 கி.மீ. ஆனால் அதே சக்தி 300 கிலோதான் தரும். திறன் 50 சதவீதமாக விழுந்தால் 190 கிலோ. எதிரே நிற்கும் இழுவையைப் பாருங்கள்: இறக்கைப் பரப்பு 22.5 சதுர மீட்டர், இழுவைக் குணகம் 0.02 என்றால், 9 கி.மீ. உயரத்தில் அந்த வேகத்துக்கு 960 கிலோ. இது அதிர்ச்சி அலைகளால் கூடும் இழுவையைச் சேர்க்காத கணக்கு. ஆக நேர்மட்டப் பறப்பில் பேச்சுக்கே இடமில்லை. ஜெட் என்ஜினின் உந்துவிசை வேகத்தோடு இப்படிச் சரிவதில்லை; அதுதான் அதன் பெரிய அனுகூலம்.

பெரிய புரொப்பெல்லர்களின் இரைச்சலை அரக்கோணத்துக்காரர்கள் காதால் அறிவார்கள். ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து 2017 மார்ச் வரை பறந்த கடற்படையின் டியூ-142 விமானம், நான்கு என்ஜின், எட்டு புரொப்பெல்லர், 35 டிகிரி பின்சாய்ந்த இறக்கை எல்லாம் இருந்தும் மாக் 0.8-ஐ ஒட்டியே நின்றது. அமெரிக்கர்கள் 1955-ல் எக்ஸ்எஃப்-84எச் என்ற விமானத்தில் இதழ்களே ஒலியை மீறிச் சுழலும்படி மெல்லிய புரொப்பெல்லர் பொருத்திப் பார்த்தார்கள். தரையில் நிற்கும்போதே அது எழுப்பிய ஓசையில் ஊழியர்களுக்குக் குமட்டல் வந்தது. பறந்து காட்டிய வேகமோ, அது எந்த ஜெட்டிலிருந்து உருவாக்கப்பட்டதோ அந்த எஃப்-84எஃப்-ஐ விடக் குறைவு.

சரி, பாய்ச்சலில்? அங்கே உந்துவிசைக்குப் பதில் விமானத்தின் எடை இழுக்கிறது. செங்குத்தாக விழுந்தால் ஸ்பிட்ஃபயரின் 3,400 கிலோ முழுவதும் உந்துவிசைதான். என்ஜினிடமிருந்து கிடைத்ததைப் போலப் பத்து மடங்குக்கு மேல். தாண்டிவிட்டோம் என்ற கதைகள் எல்லாம் பாய்ச்சலில் பிறந்ததற்குக் காரணம் இதுவே. ஆனால் மாக் 0.8-க்கு மேல் இழுவைக் குணகம் செங்குத்தாக ஏறத் தொடங்குகிறது. மாக் 1-ல் அது நான்கு மடங்கானதாக வைத்துக்கொண்டால், 9 கி.மீ. உயரத்தில் இழுவை 3,860 கிலோ. எடையை மிஞ்சிவிட்டது. கீழே வர வர காற்று அடர்த்தியாகும், 6 கி.மீ. உயரத்தில் அதே மாக் எண்ணுக்கு இழுவை 6,000 கிலோவைத் தாண்டும். நேரமும் கிடையாது: வினாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் இந்த 3 கி.மீ. வெறும் 10 வினாடி. மாக் எண்ணின் உச்சம் உயரத்திலேயே வந்து, பிறகு இறங்கிவிடும்.

இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுத் தளத்தில் 1943-44ல் நடந்த சோதனைகள் இதைச் செய்தே காட்டின. ஆயுதம் இல்லாத புகைப்பட ஸ்பிட்ஃபயர் பிஆர் 11 விமானத்தில் ஜே. ஆர். டோபின் 45 டிகிரியில் பாய்ந்து மாக் 0.89 தொட்டார். புரொப்பெல்லர் விமானங்களில் ஒழுங்காக அளந்து பதிவான மிக உயர்ந்த எண்களில் அது ஒன்று. 1944 ஏப்ரலில் ஆண்டனி மார்ட்டிண்டேல் அதேபோல் பாய்ந்தபோது புரொப்பெல்லர் பல்சக்கரப் பெட்டியோடு பிய்த்துக்கொண்டு போயிற்று. சுழற்சி வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னர், வேகம் கூடக் கூட இதழ்களின் கோணத்தை அகலப்படுத்திக்கொண்டே போகும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில் முட்டிய பிறகு காற்றே புரொப்பெல்லரைச் சுழற்றத் தொடங்குகிறது. சுற்றுகள் எகிறும், பல்சக்கரங்கள் தாங்காது. மூக்கில் அவ்வளவு எடை போனதும் விமானத்தின் சமநிலை பின்னால் தள்ளப்பட்டு மூக்கு தானாக மேலே எழும்பியது. மார்ட்டிண்டேல் சுமார் 32 கி.மீ. சறுக்கி வந்து தளத்தில் இறக்கினார். சோதனைப் பதிவுகளும் பத்திரமாக வந்தன.

எலிவேட்டர் பிடி கொடுக்காத வேகம்

இழுவையை விடப் பொல்லாதது இன்னொன்று. விமானம் மாக் 0.7-ல் பறந்தாலும் இறக்கையின் மேற்புற வளைவில் ஓடும் காற்று அதைவிட வேகமாக ஓடும். இறக்கை தடிமனாக இருந்தால் அங்கே மட்டும் மாக் 1 வந்துவிடும். அமெரிக்கப் போர் விமானமான பி-38 லைட்னிங்கின் இறக்கை அடிப்பகுதியில் முன்பின் அகலத்தின் 16 சதவீதம் தடிமன்; அதற்கு இந்த நிலை மாக் 0.68-லேயே வந்தது. நேர்மட்டத்தில் அதன் உச்ச வேகமே மாக் 0.6. மூக்கைக் கொஞ்சம் சாய்த்தாலே சிக்கல் ஆரம்பம்.

என்ன நடக்கிறது என்றால், இறக்கையின் மேல் அதிர்ச்சி அலை நிற்கிறது. அதற்குப் பின்னால் காற்று இறக்கையோடு ஒட்டாமல் பிரிகிறது. தூக்குவிசையின் மையம் பின்னால் நகர்கிறது. இறக்கையைத் தாண்டி வாலின் மேல் கீழ்நோக்கிச் சரிந்து விழுந்துகொண்டிருந்த காற்றோட்டமும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து மூக்கைக் கீழே தள்ளுகின்றன. பிரிந்த காற்று வாலில் மோதி விமானம் முழுவதும் உதறும். மூக்கை உயர்த்த வாலின் பின்விளிம்பில் அசையும் பகுதிதான் எலிவேட்டர்; அதை இயக்கும் ஸ்டிக்கை விமானி வயிற்றோடு சேர்த்து இழுத்தாலும் பலன் இல்லை. பாய்ச்சல் செங்குத்தாகிறது, வேகம் இன்னும் கூடுகிறது. 1941 நவம்பரில் லாக்ஹீட் சோதனை விமானி ரால்ஃப் வெர்டன் இந்தப் பாய்ச்சல் சோதனைகளில் இறந்தார், வால் பிய்த்துக்கொண்டது.

தப்பித்தவர்கள் எப்படித் தப்பித்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது. கீழே வந்தபோது காற்றின் சூடு கூடி ஒலியின் வேகம் உயர்ந்தது, அடர்த்தி கூடி இழுவையும் உயர்ந்தது. மாக் எண் தானாக இறங்கி எலிவேட்டர் மறுபடி பிடித்தது. இதிலும் ஒரு பொறி இருந்தது. மேலே ஸ்டிக் அசையாதபோது பதற்றத்தில், ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டிராமலே மூக்கை ஒரு நிலையில் நிறுத்த உதவும் டிரிம் சக்கரத்தை மேல்நோக்கிச் சுற்றி வைத்திருப்பார்கள். கட்டுப்பாடு திரும்பிய கணத்தில் அந்த டிரிம் முழுவதும் ஒரேயடியாக வேலை செய்யும். தாள முடியாத பளுவில் இறக்கை முறியும். 1944-ல் பி-38 விமானங்களில் இறக்கையின் அடியில் சிறு பாய்ச்சல் மடிப்புகள் வைத்தார்கள். அவை வேகத்தைக் குறைக்கும் பிரேக் அல்ல. அடிப்பக்கக் காற்றோட்டத்தை மாற்றி மூக்கை மேலே தூக்குபவை. பாய்வதற்கு முன்பே விரிக்க வேண்டும் என்பது விதி.

ஸ்பிட்ஃபயர் மாக் 0.89 வரை போனதன் ரகசியமும் என்ஜினில் இல்லை. அதன் இறக்கை அடியில் 13 சதவீதம், நுனியை நோக்கி இன்னும் மெலிந்துகொண்டே போகும்.

கருவி சொன்ன பொய்

அப்படியானால் 1,167 கி.மீ. எங்கிருந்து வந்தது? விமானிகள் புளுகினார்கள் என்று நினைக்கத் தேவையில்லை. கருவி காட்டியதைத்தான் சொன்னார்கள். வேகமானி நேராக வேகத்தை அளப்பதில்லை. பிட்டோ குழாயின் வாயில் மோதி நிற்கும் காற்றின் அழுத்தத்துக்கும், பக்கவாட்டுத் துளையில் கிடைக்கும் சாதாரண அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கிறது. அதைத் தரைமட்டக் காற்றுக்கு ஏற்ற அளவுகோலில் காட்டுகிறது. உயரத்துக்கான திருத்தத்தை விமானி போட்டுக்கொள்ள வேண்டும்.

ஓர் உதாரணம். 9 கி.மீ. உயரத்தில் விமானம் உண்மையில் மாக் 0.85, அதாவது மணிக்கு 930 கி.மீ. வேகத்தில் போகிறது. பிழையே இல்லாத வேகமானி 608 கி.மீ. காட்டும். மெதுவான விமானங்களுக்குச் செய்வதுபோலக் காற்றடர்த்தித் திருத்தம் மட்டும் போட்டால் விடை 985 கி.மீ. குழாய்க்குள் காற்று அமுங்குவதற்கான திருத்தத்தை விட்டதால் 55 கி.மீ. சும்மா கூடிவிட்டது, மாக் 0.85 காகிதத்தில் 0.90 ஆகிவிட்டது. இதற்கு மேல் இரண்டு பிழைகள். பக்கவாட்டுத் துளையின் அருகே அதிர்ச்சி அலை வந்தால் அங்குள்ள அழுத்தம் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமாக இருக்காது. அடுத்தது தாமதம்: வினாடிக்கு 200 மீட்டருக்கு மேல் இறங்கும்போது வெளி அழுத்தம் ஏறுவதை நீண்ட மெல்லிய குழாய் உடனே உள்ளே கடத்தாது. உயரமானி இன்னும் மேலேயே இருப்பதாகக் காட்டும். அந்தத் தவறான உயரத்தை வைத்துத் திருத்தம் போட்டால் வேகம் மேலும் ஊதும். 1952-ல் ஹாங்காங் வானில் ஸ்பிட்ஃபயர் பிஆர் 19 ஓட்டிய டெட் பவுல்ஸ் மாக் 0.96 தொட்டதாகச் சொல்லப்படுவதும் இந்த வகைக் கணக்கில்தான் சேரும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு முட்கேயிடம் வரலாம். அவர் சொன்னது: 40 டிகிரி பாய்ச்சல், கடும் உதறல், வேகமானி ஊசி 1,100-ல் ஒட்டிக்கொண்டது, ஸ்டிக் செத்துப்போனது, பிறகு சில வினாடி எல்லாம் அமைதியாகிக் கட்டுப்பாடு திரும்பியது, கிடைமட்ட வாலின் கோணத்தை மாற்றி மீண்டார், தரையிறங்கியபோது ரிவெட்டுகள் காணாமல் போயிருந்தன. இதில் எதுவும் நடக்காதது அல்ல. ஆனால் ஊசி ஒட்டிக்கொண்டதை ஆதாரமாக எடுக்க முடியாது. கட்டுப்பாடு திரும்புவது பி-38 விமானிகளும் கண்டதே; அவர்கள் மாக் 0.7-ஐ ஒட்டி இருந்தார்கள். ரிவெட் தெறிக்க உதறலே போதும்.

விமானத்தின் வடிவமும் அவருக்கு எதிராகவே பேசுகிறது. மெஸ்ஸர்ஷ்மிட் 262-ன் இறக்கை 18 டிகிரி பின்சாய்ந்தது என்பதைக் காட்டி அது ஒலியை முந்தவே வடிவமைக்கப்பட்டது என்பார்கள். அந்தச் சாய்வு வந்ததே என்ஜின்கள் எதிர்பார்த்ததைவிடக் கனத்துப்போனதால்; சமநிலையைச் சரிக்கட்ட இறக்கையைப் பின்னால் மடக்கினார்கள். பின்சாய்வின் பயன், காற்று இறக்கைக்குக் குறுக்கே ஓடும் கூறு மட்டுமே அதிர்ச்சி அலையைத் தீர்மானிக்கிறது என்பதில் இருக்கிறது. 18 டிகிரிக்கு அது மாக் 1-ஐ 0.95 ஆக்கும்; அவ்வளவுதான் லாபம். மெஸ்ஸர்ஷ்மிட் தானே நடத்திய சோதனைகளில் மாக் 0.86-க்கு மேல் மூக்கு அடக்க முடியாமல் கீழே போயிற்று. இழுவையும் எடையும் போட்ட கணக்கு மட்டும் பார்த்தால் முழுச் செங்குத்துப் பாய்ச்சலில் இந்த ஜெட் மாக் 1-ஐ எட்டுவது அடியோடு முடியாத காரியம் அல்ல. 40 டிகிரியில், எட்டி, உடையாமல், திரும்பி வருவதுதான் நம்பக் கடினம்.

1948

இங்கிலாந்தில் டி ஹாவிலண்ட் 108 என்ற வாலில்லா ஜெட் ஒன்று இருந்தது. அதை ஓட்டிய ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் இளையவர் 1946 செப்டம்பர் 27 அன்று தேம்ஸ் முகத்துவாரத்தின் மேல், மாக் 0.9-ஐ எட்டுமுன்பே, விமானம் மேலும் கீழும் துள்ளி உடைந்து இறந்தார். மேம்படுத்திய இன்னொரு 108-ல் ஜான் டெரி 1948 செப்டம்பர் 6 அன்று பாய்ச்சலில் மாக் 1-ஐத் தாண்டினார். பாதி நேரம் விமானம் அவர் கையில் இல்லை.

சேபர் வேறு சாதி. 35 டிகிரி பின்சாய்வு. மாக் 1-ல் இறக்கை உணர்வது 0.82-தான். அதன் முதல் மாதிரி எக்ஸ்பி-86, சுமார் 1,800 கிலோ உந்துவிசை உள்ள ஜே35 என்ஜினோடு 1947 அக்டோபர் 1 அன்று முதன்முதலில் பறந்தது. அன்றும் அடுத்த இரண்டு வாரத்திலும் வெல்ச் பாய்ச்சலில் ஒலியைத் தாண்டினார், தரையில் வெடியோசை கேட்டது என்று சொல்வோர் இருக்கிறார்கள். அளந்த பதிவு இல்லை. அதிகாரப்பூர்வத் தேதி 1948 ஏப்ரல் 26. என் கணிப்பில், முட்கேயின் கதையை விட வெல்ச்சின் கதை நம்பத்தகுந்தது: அதே வகை விமானம் ஆறு மாதம் கழித்து அதே முறையில் அதைச் செய்திருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் டக்ளஸ் டி-558-1 பாய்ச்சலில் மாக் 1-ஐத் தொட்டுவந்தது. அதன் இறக்கை நேரானது, ஆனால் 10 சதவீதம் மட்டுமே தடிமன். பின்சாய்வு இல்லாமலும் முடியும், மெலிவு இருந்தால் போதும்.

எக்ஸ்-1-லும் இறக்கை நேரானதே, 8 சதவீதத் தடிமன். நான்கு அறை ராக்கெட் மொத்தம் 2,700 கிலோ உந்துவிசை தந்தது. ஆல்கஹாலையும் திரவ ஆக்சிஜனையும் அது சில நிமிடங்களில் தீர்த்துவிடும். அதனால்தான் பி-29 குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றில் கட்டி 6 கி.மீ. உயரத்தில் விட்டார்கள். ராக்கெட் இழுவைப் பிரச்சினையைத் தீர்த்தது, வாலின் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. மாக் 0.94-ல் யேகர் ஸ்டிக்கை இழுத்தார்; மூக்கு அசையவில்லை. வாலின் மேல் நின்ற அதிர்ச்சி அலை எலிவேட்டரின் கீல் கோட்டுக்கே வந்துவிட்டது. அதற்குப் பின்னால் இருந்த எலிவேட்டரால் முன்னால் உள்ள காற்றை மாற்ற முடியவில்லை. எலிவேட்டரை விட்டுவிட்டு, முழுக் கிடைமட்ட வாலையும் டிரிம் சுவிட்சால் கால் டிகிரி, கால் டிகிரியாகத் திருப்பு என்றார் பொறியாளர் ஜாக் ரிட்லி. அக்டோபர் 14 அன்று அப்படித்தான் போனார். மாக்மானி 0.96-ஐ ஒட்டித் தயங்கி நின்றது, பிறகு ஒரே தாவலில் அளவுகோலைத் தாண்டிப் போயிற்று. அந்தத் தாவல் முக்கியம்: மூக்குக்கு முன்னால் உருவாகும் வில் அலை அழுத்தத் துளையைக் கடந்து பின்னால் போகும் கணம் அது. 13 கி.மீ. உயரத்தில், மேலேறிச் சென்று நேர்மட்டமான விமானத்தில், மாக் 1.06. பதிவுக் கருவிகளும் ரேடாரும் அதை உறுதிசெய்தன.

முழு வாலும் அசையும் அமைப்பு எஃப்-86இ ரகச் சேபரில் சாதாரண உபகரணமாக வந்தது. கொரியப் போரில் எதிரே நின்ற சோவியத் மிக்-15-க்கு இதே 35 டிகிரிப் பின்சாய்வு இருந்தது, நல்ல என்ஜின் இருந்தது. வால் மட்டும் பழைய கீல் எலிவேட்டர். மாக் 0.92-ல் அதன் காற்றுத்தடுப்புகள் தாமாகவே விரிந்து வேகத்தை வெட்டும்படி அமைத்திருந்தார்கள். துரத்தப்பட்ட சேபர் விமானி பாய்ந்து மாக் 1-ஐத் தாண்டிவிட்டால் மிக் பின்தொடர முடியாது. பாய்ச்சல் இல்லாமல், ஜெட் என்ஜினை மட்டும் கொண்டு நேர்மட்டத்தில் ஒலியை முந்தும் போர் விமானம் வர 1953 மே 25 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அன்று ஒய்எஃப்-100ஏ தன் முதல் பறப்பிலேயே அதைச் செய்தது. ஓட்டியவர் ஜார்ஜ் வெல்ச்.